மூன்றாவது எதிர்மனுதாரர்

என்மேல் கேஸ் போட்டவர் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான். நோட்டீஸ் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு அதை வாங்கி வைத்தவரும் அவரே. "உனக்கு ஏதோ கோர்ட்டிலேர்ந்து வந்திருக்கு" என்று, பால்காரர் வந்துபோன மாதிரி சொன்னார்.

நாங்கள் இருவரும் ஒரே பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் அடுப்புப் பகுதி மேஸ்திரி. பச்சை மாவாகப் பெல்ட்டில் ஏறி உள்ளே போகும் பிஸ்கட் எந்த நிறத்தில் வெளியே வரவேண்டும் என்று தீர்மானிப்பவர். நான் கேட்டை ஒட்டிய முதலுதவி அறையில் நர்ஸ். விரலைச் சுட்டுக்கொண்டவர்களும், தலைவலி என்று சொல்லிக் கட்டிலில் கொஞ்ச நேரம் சாய வருபவர்களும் என் வாடிக்கை.

தொற்று எல்லோரையும் ஆட்டிவைத்த சமயம் அது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் எல்லோரும் தடுப்பூசி போட்டாக வேண்டும், போடாதவர்களுக்கு வேலை கிடையாது, கேட்டில் எழுதி வையுங்கள் என்றார். கேட்டில் இருப்பது ஒரே ஒரு கரும்பலகை. அதில் முக்கால்வாசியை 'விபத்து இல்லாத நாட்கள்' என்ற வரி பிடித்துக்கொண்டிருந்தது. மிச்ச ஓரத்தில் 'ஊசி போடாதவர்கள் உள்ளே வராதீர்கள்' என்று எழுதினால் 'வராதீ'யோடு பலகை முடிந்துபோனது. அழித்துவிட்டு 'ஊசி போடாதவன் உள்ளே வராதே' என்று எழுதினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அந்தப் பலகை முன்னால் நின்றவர், சங்கு ஊதியும் நகரவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஆரம்பித்தது. "யாரப் பாத்து வராதேன்னு எழுதுற? கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அந்த கேட்டுல போய் வந்துட்டிருக்கேன். நாயை வெரட்டுற மாதிரி வராதேயாம். ஏய், தண்ணி கொண்டா."

"இடம் பத்தலைங்க" என்று சொல்லித் தண்ணீரைக் கொடுத்தேன்.

"இடம் பத்தலன்னா மரியாதையிலயா கை வைப்பாங்க?"

மாற்றி எழுதிவிடலாம் என்று மேனேஜரிடம் போனேன். இப்போது மாற்றினால் கம்பெனி பயந்துவிட்டது என்று நினைப்பார்கள், இருக்கட்டும் என்றார் அவர். இரண்டு ஆண்பிள்ளைகளின் வீறாப்புக்கு நடுவில் சாக்பீஸும் கையுமாக நான் நின்றேன்.

எனக்குக் கவலையெல்லாம் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பற்றித்தான். வருஷக்கணக்காக மாவுத் தூசியை இழுத்த நெஞ்சு. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். அந்த நெஞ்சுக்குள் தொற்று புகுந்தால் என்ன ஆகும் என்று நர்ஸான எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயந்து செத்தேன். ஊரார் கைக்கெல்லாம் ஊசி போடுகிறேன், சொந்தப் புருஷனுக்குப் போட முடியவில்லை.

ஊசி வேண்டாம் என்பவர்கள் ஆளுக்கொரு காரணத்தோடு அவர் பின்னால் சேர்ந்தார்கள். பேக்கிங் அக்காவுக்கு முன்பு ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியிருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. லாரியில் பெட்டி ஏற்றுபவருக்கு யாரோ செல்போனில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். வழக்குத் தயாரானது. என் வீட்டுக்காரர் முதல் மனுதாரர். கம்பெனியும் மேனேஜரும் முதல் இரண்டு எதிர்மனுதாரர்கள். பலகையில் எழுதியவள் என்பதால் நான் மூன்றாவது. அவர்கள் வக்கீல் உடல்மீதான உரிமை, வாழ்வாதாரம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அந்த வராதே எங்க சார்?" என்று கேட்டாராம். அது சின்ன விஷயம் என்றாராம் வக்கீல்.

வழக்கைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று இரண்டு பக்க வக்கீல்களும் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் "மனுதாரருக்கு உப்பு போதுமா?" என்ற அளவில்தான் எங்கள் பேச்சு. "எதிர்மனுதாரர் கை கொஞ்சம் தாராளம்" என்பார். கோர்ட்டுக்கும் ஒரே ஸ்கூட்டரில்தான் போனோம். வாசலில் இறங்கி அவர் இடது பக்கம் போனார், நான் வலது பக்கம் போனேன். சாப்பாட்டு டப்பா என்னிடம்தான் இருந்தது.

நீதிபதி அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவரைப் பார்த்து, "உங்களுக்கு ஊசி போட்டுக்கறதுல என்ன சிக்கல்?" என்றார். வக்கீல் எழுந்தார். "அவரே சொல்லட்டும்" என்றார் நீதிபதி.

"ஊசியில ஒண்ணும் இல்லைம்மா. போட்டுக்குங்கன்னு எழுதியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன். வராதேன்னு எழுதியிருக்காங்க."

வக்கீல் மெல்ல உட்கார்ந்தார்.

"யார் எழுதினது?"

நான் எழுந்தேன். "பலகையில இடம் பத்தலைம்மா."

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரிங்க."

நீதிபதி கையிலிருந்த காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்ல கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆனால் என்ன ஏது என்று கேட்காமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது. பேக்கிங் அக்காவுக்கு விலக்கு. மற்றவர்கள் வேண்டாம் என்றால் வாராவாரம் பரிசோதனை செய்துகொண்டு வேலைக்கு வரலாம். பலகையை மட்டும் மரியாதையாகத் திருத்தி எழுத வேண்டும். இரண்டு தரப்பும் ஜெயித்த முகத்தோடு வெளியே வந்தன.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்தார். "பாத்தியா, மரியாதைன்னா என்னன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. ம், ஏறு. ஒழுங்கா புடிச்சுக்க."

ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏறு, புடிச்சுக்க, கொண்டா, போ. கல்யாணமான நாளிலிருந்து என் காதில் விழுவதெல்லாம் இதுதான். எங்கள் வீட்டில் அப்படி என்ன இடப் பஞ்சம்?

மறுநாள் பலகை முழுவதையும் அழித்தேன். 'விபத்து இல்லாத நாட்கள்' போனால் போகட்டும் என்று, 'தயவுசெய்து அனைவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். அவர் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். மேஸ்திரி போட்டால் நாமும் போடலாம் என்று அடுப்புப் பகுதி ஆட்கள் பின்னால் வரிசை கட்டினார்கள்.

"ம், போடு" என்றார்.

நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"என்ன?"

"கோர்ட்டு சொன்ன மரியாதை இந்த ரூமுக்கும் சேத்துதாங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது சிவந்தது. வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார். எழுந்து போய்விடுவாரோ என்று தோன்றியது. போனால் அந்த நெஞ்சோடுதானே போவார். விளையாட்டு போதும், மரியாதையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஊசியை எடுக்கக் கையை நீட்டினேன்.

"போடுங்க, சிஸ்டர்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போட்டேன். பஞ்சை வைத்து அழுத்தியபடி, "வலிச்சுதாங்க?" என்று கேட்டேன்.

"ஊசி வலிக்கல" என்றார்.