நீவெஸின் மேசைக்கு ஒரு பிடி

1

இந்தக் கதை எனக்குத் தரை வழியாகக் கிடைத்தது. இத்தாலியின் கார்தோனே ஊரில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு துப்பாக்கிப் பட்டறை. ஒரு காலை, அடுப்பில் காபி பொங்கும் நேரம், கீழேயிருந்து ஒரு பெண்குரல்: "அந்தச் சனியன என் மேசையில ஏத்துனா, நான் எறங்கிடுவேன்!"

அவ்வளவுதான் கேட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. ஒட்டுக்கேட்டதில் எனக்கு வெட்கமில்லை. கதை எழுதுகிறவர்களுக்குக் காது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: பள்ளத்தாக்கில் பனி உருகும் காலத்தில், ஆற்றின் ஓசையோடு சம்மட்டிகளின் ஓசையும்

வேண்டாம். ஆறும் பனியும் சுற்றுலா வருகிறவர்களுக்கு. நேராக மேசைக்குப் போவோம்.

இரண்டாம் தொடக்கம்: நீவெஸ், போட்டிகளில் சுடுகிறவர்களின் கைத்துப்பாக்கிகளைச் செப்பம் செய்பவள். அவளுடைய ஜன்னலோர மேசையில் துப்பாக்கியை இரண்டு தாடைகளால் கவ்விப் பிடிக்கும் ஒரு இரும்பு வைஸ், போல்ட் போட்டு இறுக்கியது, கன்றுக்குட்டி கனம். [கனத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். நீவெஸ் விடமாட்டாள்.] கணவன் எஜீதியோ ஒரு பெட்டியோடு வந்து நிற்கிறான். உள்ளே புதுவகைத் தாங்கி: சுழலும் கழுத்து, உச்சியில் ஒரு கட்டை. குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கைப்பிடியில் செருகும் குழிக்குள் அந்தக் கட்டையை விட்டால் துப்பாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து யாரும் நெரிக்க வேண்டியதில்லை. மேசையிலோ ஒன்றுக்குத்தான் இடம்.

"என்னடா இது, துணி காயப்போடுற கம்பா? கொண்டுபோய் பால்கனியில வை."

"ஒரே ஒரு தடவ வச்சுப் பாரேன்டி."

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இந்த வைஸுலதான் வேல பாக்குறேன். உன்னவிட அது சொன்ன பேச்சு கேக்கும்."

3

இங்கே எனக்கு நீவெஸ்மேல் சந்தேகம் வந்தது. ஒரு தாங்கிக்காக இத்தனை கோபமா? விவரம் தெரிந்த தொழில்காரி வாங்கிச் சோதித்துப் பார்க்கத்தானே செய்வாள்? கோபத்துக்குக் காரணம் வேண்டியிருந்தது. ஆகவே அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களை மரத்துப்போகச் செய்தேன். (நிஜமான கீழ்வீட்டுக்காரிக்கு விரல்கள் நன்றாகவே இருக்கின்றன. போன வாரம்கூட என் கதவுப் பூட்டைச் சரிசெய்து கொடுத்தாள்.)

அவள் வேலை செய்யும் விதம் இது. வலது கை வைஸின் கைப்பிடியைத் திருப்பும். இடது கை விரல்கள் துப்பாக்கியின்மேல் கிடக்கும். இரும்பு கவ்வுகிற கணத்தை அந்த விரல்கள்தான் உணரும். போதும் என்றால் வலது கை நின்றுவிடும். அதனால்தான் அலுமினிய உடலை இறுக்குமுன், அது நசுங்காமலிருக்கக் குழிக்குள் மரக்கட்டை வைக்கும் வழக்கத்தை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.*

இந்தக் குளிர்காலத்தில் விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை. வலது கை இன்னும் அரைச் சுற்று திருப்பியது. வைஸில் இருந்தது தங்கை மகள் மார்ட்சியாவின் துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வுப் போட்டி.

மறுநாள் மார்ட்சியா வந்தாள்.

"பெரியம்மா, மேகசின் உள்ளயே சிக்கிக்குது. நான் எங்கயாவது கீழ போட்டுட்டேன் போல."

"போட்டிருப்ப, கவனமே கெடையாது" என்று நீவெஸ்

இல்லை. இதை நான் எழுதமாட்டேன். அவளைக் கோபக்காரியாக்கலாம், பிடிவாதக்காரியாக்கலாம். பொய்க்காரியாக்க எனக்கு மனம் வரவில்லை.

"நீ போடல. நாந்தான் நசுக்கிட்டேன். வச்சுட்டுப் போ."

மார்ட்சியா சிரித்துவிட்டாள். "நீங்களா? வேற யார்ட்டயாவது சொல்லுங்க பெரியம்மா."

பின்னால் நின்ற எஜீதியோ சிரிக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய், நாம் முதலில் பார்த்த அந்தப் பெட்டியோடு திரும்பினான்.

*அனுபவசாலிகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. புதிதாகச் சேர்ந்தவன் பயத்திலேயே கட்டையை வைத்துவிடுவான்.

4

முடிவு ஒன்று: நீவெஸ் வைஸைக் கழற்றுகிறாள், மார்ட்சியா ஜெயிக்கிறாள். திகட்டுகிறது.

முடிவு இரண்டு: தாங்கி பால்கனிக்குப் போகிறது. நசுங்கியதை நிமிர்த்தும்போது துப்பாக்கியின் உடல் விரிசல் விட்டு

இதுவும் வேண்டாம். விரல்களைப் பறித்ததே போதும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியைக் கைமாற்றும்போது மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, குண்டு இருக்கும் அறையைத் திறந்து காட்ட வேண்டும். எதிராளி பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகே கை விடும். புருஷன் பெண்டாட்டிக்கும் இதே சட்டம்தான்.

நீவெஸ் மார்ட்சியாவின் துப்பாக்கியைத் திறந்து எஜீதியோவிடம் நீட்டுகிறாள். வேண்டுமென்றே இடது கையில்.

அவன் அறையைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்க்கிறான்.

"எப்பயிருந்துடி?"

"மொதப் பனி விழுந்ததுலயிருந்து."

"எங்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா அன்னைக்கே இந்தக் கம்பத் தூக்கிட்டு வந்திருப்ப. பாத்துட்டுச் சொல்லுடா."

அவன் இப்போது அறையைப் பார்க்கிறான். சொல்ல வாயெடுத்தவன் வைஸைப் பார்க்கிறான். ஸ்பேனர் மேசைமேல் இருக்கிறது. வைஸின் போல்ட்டுகளில் ஒன்றுகூட இன்னும் தளரவில்லை. கழற்று என்று அவள் வாயால் வரட்டும் என்று அவன் நிற்கிறான். முதலில் காலி என்று அவன் சொல்லட்டும் என்று அவள் நிற்கிறாள். இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்கிற ரகமில்லை.

அறையை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். யாராவது சீக்கிரம் "காலி" என்று சொல்லுங்கள், அவளுக்குக் கை மரத்துக்கொண்டு வருகிறது.