அனந்தமதி விட்ட உப்பு

அனந்தமதி உப்பை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோற்றிலும் இல்லை, குழம்பிலும் இல்லை, மோரிலும் இல்லை. மகன் ஜீவகன் பட்டாளத்துக்கு ரயிலேறிய அன்று எடுத்த நோன்பு அது. ஆயுதம் தொடாத கையோடு அவன் வீடு வந்து சேரும்வரை உப்பு வாயில் படாது என்று மேல்சித்தாமூர் கோயிலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். சமண வீடுகளில் இப்படி ஒன்றை விடுவது புதிதில்லை. பாலை விட்டவர்கள் உண்டு, நெய்யை விட்டவர்கள் உண்டு. ஆனால் செஞ்சி வெயிலில் உப்பை விடுவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜீவகன் சொன்ன பொய். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அன்றைக்கு அவனே அதைப் பாதி நம்பினான். சண்டைக்குப் போகிற படையோடு கூடவே போகும் மெடிக் வேலை. காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட வேண்டும், ஊசி போட வேண்டும், தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். "துப்பாக்கிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லம்மா. உயிரக் காப்பாத்தற வேல" என்றான். எறும்புக்கு வழி விட்டு நடக்கிற அம்மாவிடம் வேறு என்னதான் சொல்லி ரயிலேறுவது?

பயிற்சியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். அடிபட்டுக் கிடப்பவன் மேல் இன்னொரு குண்டு விழாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் கட்டுப் போட்டு என்ன பயன் என்று பயிற்சியாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜீவகனும் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினான். ஆனால் அவனைத் தின்றது துப்பாக்கியைத் தொட்டது அல்ல. ரத்தம் பீறிடும் தொடையில் பட்டையை இறுக்குவதில் அவன் சுமார், சுடுவதில் அவன்தான் முதல். தூரத்தில் நிற்கும் பலகை ஆள் சாய்கிறபோதெல்லாம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. "இன்னிக்கி இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?" என்று அம்மா போனில் கேட்டால், கட்டுப் போடுவதைப் பற்றியே விலாவாரியாகப் பேசுவான்.

இப்போது பயிற்சி முடிந்து லீவில் வந்திருக்கிறான். வாசலில் அம்மாவைப் பார்த்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, ரவிக்கை தோளில் நிற்கவில்லை. முகம் மட்டும் பூத்துக் கிடந்தது. இன்றைக்குச் சாயந்தரம் உப்புப் போட்டுச் சாப்பிடப் போகிறேன் என்று தெருவில் பூ விற்கிறவளிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள். அப்பா மல்லிநாதன், வேர்க்கடலை வாங்கி விற்கும் தன் மல்லாட்டை மண்டியை மத்தியானமே பூட்டிவிட்டு வந்துவிட்டார். சீசன் நேரத்தில் மனிதர் அப்படிப் பூட்டியதே கிடையாது.

ஜீவகன் பலமுறை வாயைத் திறக்கப் பார்த்தான். சொன்னால் அம்மாவுக்கு உப்பு இல்லை. சொல்லாவிட்டால் ஒரு வருஷ நோன்பு பொய்யில் முடியும். அம்மா அடுப்படியில் இருந்தால் வேலையாக இருக்கிறாள் என்று தள்ளிப்போட்டான், கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் இப்போதுதானே உட்கார்ந்தாள் என்று தள்ளிப்போட்டான்.

வெயில் தாழ்ந்த பிறகு சிவசங்கர் பைக்கில் வந்து இறங்கினான். சிங்கவரத்துக்காரன், ஜீவகனோடு ஒரே பேட்சில் பயிற்சி எடுத்தவன், வாய்க்குப் பூட்டே இல்லாதவன். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "அம்மா, உங்க புள்ளைக்கு விருந்து வெக்கணும். துப்பாக்கியத் தூக்குனான்னா எங்க பேட்ச்லயே இவன்தான் ஃபர்ஸ்ட்டு" என்றான்.

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அனந்தமதி முறத்தைக் கீழே வைத்தாள். "துப்பாக்கியா?"

சிவசங்கர் நண்பனின் முகத்தைப் பார்த்தான், விஷயம் புரிந்துவிட்டது. "சும்மா வம்புக்குச் சொன்னேம்மா. இவனாவது துப்பாக்கியாவது. அதப் பாத்தாலே பத்தடி தள்ளி நிப்பான்."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். ஜீவகன் சிரித்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. "வயித்துல புளியக் கரைச்சிட்டியேப்பா" என்று சிவசங்கருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள்.

"மாட்டி வுட்டுட்டனாடா?" என்றான் சிவசங்கர், பைக்கைக் கிளப்பும்போது.

"காப்பாத்திட்ட" என்றான் ஜீவகன். சொல்லும்போதே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தாலும், சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அனந்தமதிக்கு அத்தோடு பொழுது முடிந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் உப்புப் போட்ட குழம்பு, அவளுக்கு வழக்கம்போல் தனிக் கிண்ணத்தில் உப்பில்லாதது. உப்பு ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பஞ்ச மந்திரம் சொன்னாள். பிறகு ஒரு சிட்டிகை உப்பை எடுத்தாள். பசியெடுத்த குழந்தையின் முகம் அவளுக்கு. அந்த முகத்தை ஏமாற்ற அவனால் முடியவில்லை.

"அம்மா, போடாத" என்றான் ஜீவகன்.

அவள் கை அப்படியே நின்றது. "சிவசங்கர் சொன்னது..."

"நெசம்."

மல்லிநாதன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அனந்தமதி மகனுக்காக ஒரு வழி தேடினாள். "அவங்க தலையில கட்டியிருப்பாங்க. மாட்டேன்னு உன்னால சொல்ல முடியாதில்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதற்காகவே காத்திருந்தாள்.

"மொதல்ல அப்படித்தாம்மா. அப்புறம் எனக்கே புடிச்சிருந்துது."

அவள் விரலில் இருந்த உப்பை ஜாடிக்குள் உதறினாள். கொஞ்சமாவது ஒட்டியிருக்குமோ என்று எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, உப்பில்லாத சோற்றைப் பிசைந்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜீவகனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மல்லிநாதனுக்குத்தான் தாங்கவில்லை. "இன்னும் எவ்ளோ நாளிக்கி இது? புள்ள வீடு வந்து சேர்ற வரைக்கும்னுதான வேண்டிக்கின. அதான் வந்துட்டானே."

"வரட்டும்" என்றாள் அனந்தமதி, எதிரே உட்கார்ந்திருந்த மகனின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டே.