மூன்று கிலோமீட்டர் தூரத்தில்

மெர்லிண்டாவுக்குப் புருஷனின் பாஸ்வேர்டு மனப்பாடம். ரொனிலோ முதல் தடவை கப்பலுக்குக் கிளம்பியபோது, விமான நிலையம் போகும் ஜீப்னி வண்டியில் வைத்து அதை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் கொடுத்தான். அவளும் தன்னுடையதை அவன் கையில் எழுதினாள். ஓட்டன் ஊரில் கப்பல்காரன் பெண்டாட்டிகள் அத்தனை பேருக்கும் உள்ள வழக்கம்தான். மோதிரம் மாற்றிக்கொள்வது ஊருக்காக, பாஸ்வேர்டு மாற்றிக்கொள்வது தங்களுக்காக. கொடுக்க மாட்டேன் என்று எவனாவது சொன்னால், கல்யாணத்துக்குப் பன்றி சுடச் சொல்லி வைத்த ஆளைப் பெண் வீட்டார் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐந்து வருடமாக, மதியச் சாப்பாடு முடிந்ததும் மெர்லிண்டா தன் ஃபோனில் அவன் கணக்கைத் திறப்பாள். யார் அவன் படத்தைப் பார்த்தார்கள், யார் என்ன எழுதினார்கள் என்று ஒன்று விடாமல் படிப்பாள். ஒருத்தி இதயம் போட்டிருந்தால், அவள் யார், யார் மகள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பாத்திரம் கழுவ எழுந்திருப்பாள். கேட்டால், "எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. எல்லாம் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்" என்பாள். பொறாமைக்காரிகள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்த முறை ரொனிலோவின் கப்பல் சிங்கப்பூரிலிருந்து பிரேசிலுக்குக் கிளம்பியது. இரண்டாம் நாள், எப்போதும் போல அவளைச் செல்லப் பெயரில் கூப்பிட்டு ஒரு செய்தி வந்தது. "பலங்கா, மேல இருக்கிற ஆண்டெனா போச்சு. கரை சிக்னல் இருக்கும்போதே இதை அனுப்புறேன். சாண்டோஸ் துறைமுகம் போற வரைக்கும் நெட் கிடையாது. இருபத்தி நாலு நாள். அழாத." அவள் அழவில்லை. அவன் சட்டை ஒன்றை எடுத்துத் தலையணைக்குப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் அவன் கணக்கைத் திறந்தவள் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. தோள் தெரிய ஒரு பெண். 'தனிமையில் இருக்கும் பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.' முப்பது வயது தாண்டிய எந்த ஆணைக் கண்டாலும் எறியப்படுகிற விளம்பரம் அது, பஸ் நிலையத்தில் கையில் திணிக்கிற துண்டுக் காகிதம் மாதிரி. அது அவளுக்குத் தெரியாது. இவன் எங்கேயோ போய்க் கேட்டிருக்கிறான், அதனால்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்று நினைத்தாள்.

அப்படி நினைத்தவள் கை சும்மா இருக்குமா? விளம்பரத்தை அழுத்தினாள். பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று கேட்டது. ஆமாம் என்றாள். பிறகு பொடி எழுத்தில் நீளமாக ஏதோ கேட்டு, சம்மதமா என்றது. அதற்கும் சம்மதம் என்றாள். அந்த நேரத்தில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருந்தாலும் சம்மதம் என்றிருப்பாள். உள்ளே அவள் கண்டதை இங்கே சொல்லத் தேவையில்லை. மூன்று தடவை சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள், ஆனால் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் குழந்தைகளுக்கு பைபிள் வகுப்பு எடுப்பவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். இவளிடம் என்ன இருக்கிறது, என்னிடம் இல்லாதது? இடுப்பா? முடியா? கடைசியில் பார்த்த பக்கங்களின் பட்டியலை ஒன்று விடாமல் அழித்தாள். தடயமே இல்லை என்று நிம்மதியானாள்.

மறுநாள் அவன் கணக்கில் நான்கு விளம்பரங்கள். அதற்கு மறுநாள் ஒன்பது. அவள் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே மாதிரி நீளமுடிக்காரிகள். "எனக்குக் கூப்பிட சிக்னல் இல்ல, இதுக்கு மட்டும் இருக்கு!" என்று சுவரில் தொங்கிய அவன் படத்தைப் பார்த்துக் கத்தினாள். கத்திவிட்டு, அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள மறுபடி அழுத்தினாள். உள்ளே போனாள். பார்த்தாள். பட்டியலை அழித்தாள். தினம் இதே வேலையாகிவிட்டது. அரிசி இரண்டு தடவை அடிப்பிடித்தது.

பதினோராம் நாள் வந்த விளம்பரம்தான் அவளை எழுந்து நிற்க வைத்தது. 'ஓட்டன் பெண்கள்! உங்களிடமிருந்து மூன்றே கிலோமீட்டர் தூரத்தில்!' முகம் பாதி மறைந்த ஒரு பெண், கழுத்தருகே ஒரு மச்சம்.

நடுக்கடலில் மிதப்பவனுக்கு ஓட்டன் எப்படி மூன்று கிலோமீட்டர் ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் யோசித்தது வேறு. கப்பலில் இருந்துகொண்டே ஊரில் ஆள் பிடிக்கிறான். அடுத்த மாதம் தன் தம்பி கல்யாணத்துக்கு வரும்போது வசதியாக இருக்கும். மூன்று கிலோமீட்டரில் யார் இருக்கிறார்கள்? சந்தைக்குப் பக்கத்தில் பார்லர் வைத்திருக்கும் விவியன் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ரொனிலோ இரண்டு வருடம் பின்னாலேயே சுற்றிய விவியன். அவள் கழுத்திலும் மச்சம் உண்டு. மெர்லிண்டா டிரைசைக்கிள் பிடித்துப் போனாள். இறங்கும்போது, "எங்க வீட்டுலேருந்து இது எத்தனை கிலோமீட்டர்?" என்று ஓட்டுபவரிடம் கேட்டாள்.

"ஒரு மூணு இருக்கும், மனாங்" என்றார் அவர், அக்கா என்கிற மரியாதையோடு.

போதாதா? பார்லரில் மூன்று பெண்கள் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மெர்லிண்டா நேராகப் போய் ஃபோனை விவியன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது யாருடி?"

விவியன் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் குனிந்து பார்த்தாள். "எவளோ வெள்ளைக்காரி. எனக்கென்ன தெரியும்?"

"மச்சத்தைப் பாரு! மூணு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. என் புருஷனுக்கு வந்திருக்கு."

"ஏய் மெர்லி, உனக்கு வெயில் ஏறிடுச்சா? என் மச்சம் இடது பக்கம், இவளுக்கு வலது பக்கம். அதுவும் இல்லாம இப்படி மெத்தையில படுத்து போஸ் குடுக்கிற வசதி இருந்தா நான் ஏன்டி காலையிலேருந்து நின்னுகிட்டே முடி வெட்டுறேன்?"

சாயத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மெர்லிண்டாவுக்குக் காது சிவந்தது. "அவனை இன்னும் மறக்கலைன்னு சொல்லிடு."

"உன் புருஷன் எனக்கு வேணும்னா அன்னிக்கே கட்டியிருப்பேன். நான் வேணாம்னு விட்டதைத்தான் நீ எடுத்துக்கிட்ட. போ, போய்த் தண்ணி குடி."

வீடு வரும்வரை அந்த ஒரு வாக்கியம் அவளைக் குத்திக்கொண்டே வந்தது. விளம்பரம்கூட அவ்வளவு வலிக்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு ஃபோன் அடித்தது. ரொனிலோ. சாண்டோஸில் கரை சேர்ந்துவிட்டான், அங்கே இன்னும் முந்தின நாள் ராத்திரி. இங்கே கூரை மேல் அவன் தம்பி எல்மர் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். மழைக்கு முன் ஒழுகலை அடைக்க ஒரு வாரமாகத் தினமும் வருகிறான். அவனுக்குத்தான் அடுத்த மாதம் கல்யாணம், ரொனிலோதான் மாப்பிள்ளைத் தோழன். மெர்லிண்டா திட்டுவதற்கென்று வாக்கியங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். முதல் வாக்கியத்துக்கு வாய் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்தான்.

"மெர்லி, வீட்டுல யாரு இருக்கா?" பலங்கா என்று கூப்பிடவில்லை.

"நான்தான். மேல எல்மர். ஏன்?"

"இன்னிக்குதான் ஆண்டெனா சரியாச்சு. சாப்பாட்டு அறையில பெரிய டிவியில நம்ம கல்யாண நாள் படத்தைக் காட்டலாம்னு என் கணக்கைத் திறந்தேன். திறந்தா அத்தனையும் அம்மணக்கட்டை விளம்பரம். ஓட்டன் பெண்களாம், மூணு கிலோமீட்டராம். கேப்டன் உட்பட இருபது பேரு பாத்தாங்க. சமையல்காரன், 'ஏன்டா, கடல் நடுவுல உனக்கு மட்டும் எப்படிடா மூணு கிலோமீட்டர்?'னு கேக்குறான். எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே ஃபோனின் சத்தத்தைக் குறைத்தாள்.

"நம்ம கப்பல் எலக்ட்ரீஷியன், செபு ஊர்க்காரன். அவன்தான் சொன்னான். கணக்கு எந்த ஃபோன்ல திறந்திருக்கோ, அந்த ஃபோன்ல எவன் எதைப் பாத்தாலும் கணக்கு மேல வந்து ஒட்டிக்குமாம். பாத்ததை அழிச்சாலும் ஒண்ணும் ஆகாதாம், விளம்பரம் போடுற கம்பெனிக்காரன் எழுதி வச்சுக்குவானாம். எந்த ஊருல இருந்து பாத்தாங்கன்னு உட்பட. என் கணக்கு திறந்திருக்கிறது உன் ஃபோன்ல மட்டும்தான். இருபத்தி நாலு நாளா எனக்கு நெட்டே இல்ல."

மெர்லிண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். விளம்பரங்கள் ஒவ்வொன்றாக அவள் கண் முன் வந்தன. நீளமுடிக்காரிகள், மெத்தை, மூன்று கிலோமீட்டர், எல்லாம் அவள் காலடித் தடங்கள். இல்லாத ஒரு கள்ளக்காதலியைத் துரத்தித் துரத்தி அவளே ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

"நீ பாத்திருக்க மாட்ட, எனக்குத் தெரியும்" என்றான் ரொனிலோ. "எல்மர்தானே? வீட்டுக்கு வந்தா பாட்டு கேக்கணும்னு உன் ஃபோனை வாங்கிக்கிறான்ல? போன மாசமே சொன்ன. கட்டிக்கப் போறவளோட அப்பா கோவில்ல பாட்டுக்குழு நடத்துறவரு, இவன் பண்ற வேலையைப் பாரு! இல்ல, அவன் இல்லன்னா என் வீட்டுக்கு வேற எவன் வந்து போறான்? சொல்லு மெர்லி."

அவன் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான், இருபத்திரண்டு நாளாக அவள் நெஞ்சில் குடியிருந்தது அதுவே.

"எல்மரைக் கூப்பிடு. இனிமே என் வாசல்ல கால் வைக்கக்கூடாதுன்னு நானே சொல்றேன். அவன் கல்யாணத்துக்கும் வரமாட்டேன்."

மேலே டக் டக் என்று ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். எதுவும் சொல்லத் தேவையில்லை, ஃபோனை மேலே நீட்டினால் முடிந்தது. நல்ல பெயர் நல்ல பெயராகவே இருக்கும். எல்மர் கூரையிலிருந்து எட்டிப் பார்த்து, "மனாங், அண்ணனா? நான் கேட்டேன்னு சொல்லுங்க!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நான்தான்" என்றாள் மெர்லிண்டா.

"என்ன நான்தான்?"

"நான்தான் பாத்தேன். தினமும்." சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. முதல் விளம்பரம், சம்மதம் கொடுத்தது, அழித்தது, மச்சம், விவியன், சாயம் பூசிய மூன்று பெண்கள், எல்லாம் கொட்டினாள். "நீ பாக்குறதா நினைச்சேன். உனக்கு எவளைப் பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு பாத்தேன். வெக்கமா இருக்கு. திட்டணும்னா திட்டு."

அவன் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டான்.

"அதுல... ஆம்பளைங்களும் இருந்தாங்கல்ல?"

"இருந்தாங்க."

"எப்படி இருந்தாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நான் அவங்களைப் பாக்கலை."

"இருபத்திரண்டு நாளா பாக்கலையா?"

"சத்தியமா பாக்கலை" என்றாள். அது முழு உண்மையில்லை. உடனே பேச்சை மாற்றினாள். "என் பாஸ்வேர்டு உன்கிட்ட இருக்கே, நீ என்னிக்காவது திறந்து பாத்திருக்கியா?"

"இல்லையே. எதுக்குப் பாக்கணும்? உன்னை எனக்குத் தெரியாதா?"

வேறொருத்தி இதைக் கேட்டால் உருகியிருப்பாள். மெர்லிண்டாவுக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடவா? யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு நாள்கூடவா இவனுக்குத் தோன்றவில்லை?

சாயங்காலம் ஒரு பெட்டி பிஸ்கோச்சோ ரொட்டியோடு பார்லருக்குப் போனாள். எல்லோருக்கும் முன்னால் கேட்ட கேள்விக்கு எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம். விவியன் ரொட்டியை வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார வைத்து, துணி போர்த்தினாள். மன்னித்துவிட்டாள்தான், ஆனால் முன்முடியை இரண்டு விரற்கடை அதிகமாகவே வெட்டினாள்.

"நான் வேணாம்னு விட்டதுக்கு இவ்வளவு அலைச்சலாடி உனக்கு?" என்றாள் கத்தரித்துக்கொண்டே.

மெர்லிண்டா பதில் சொல்லுமுன் மடியில் இருந்த ஃபோன் அதிர்ந்தது. அவள் கணக்கிலிருந்து ஓர் எச்சரிக்கை. 'பிரேசில், சாண்டோஸ் நகரிலிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டுள்ளது. இது நீங்கள்தானா?'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கூடப் படித்த ஒரு பல் டாக்டர் தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவான். அவள் ஒரு நாளும் பதில் போட்டதில்லை, ஆனால் அழித்ததும் இல்லை. இப்போது அழித்துவிடலாமா? வேண்டாம். பார்க்கட்டும்.

"என்னடி சிரிக்கிற?" என்றாள் கண்ணாடியில் விவியன். "யாரு?"

"என் புருஷன்" என்று சொல்லிவிட்டு, 'ஆம், நான்தான்' என்பதை அழுத்தினாள்.