திக்காத குரல்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தவர், வந்திருந்த கடிதத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ‘உங்கள் புதுப் பதிப்பைப் போட்ட பிறகு என் கணவருக்குத் திக்குவாய் போய்விட்டது. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.’ யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துத்தான் மேலே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

வாரம் முழுக்க அவருக்குப் பல் செட் செய்யும் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் ஈறு கட்டி ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். யார் வாய்க்குப் போகிறது என்று தெரியாது. நன்றாயிருக்கிறது என்று இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. அந்தக் குறையோ என்னவோ, ஆறு வருடமாக விடுமுறை நாட்களில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றை எழுதி இலவசமாக விட்டுக்கொண்டிருந்தார். அதன் பெயர் பாட்டுப்பெட்டி. விளம்பரம் கிடையாது, பெயர் விலாசம் கேட்காது. பத்தாயிரம் பேருக்கு மேல் போனில் வைத்திருந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தை மாற்று என்று உரிமையோடு எழுதுவார்கள். திட்டுகிறவர்களும் உண்டு. “ஓசியில குடுத்தும் உங்களைத்தான் வறுத்தெடுக்குறாங்க” என்று சிரிப்பார் அவர் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர்.

போன வாரம் விட்ட பதிப்பில் ‘சுத்தம் செய்’ என்று ஒரு பொத்தான் சேர்த்திருந்தார். அமுக்கினால், போனிலுள்ள பதிவு ஒவ்வொன்றிலும் பேச்சும் பாட்டும் இல்லாத இடங்களை வெட்டி, இடம் மிச்சமாகட்டும் என்று பழையதன் மேலேயே சேமித்துவிடும். ஆறு வருடத்தில் அவருக்கு இத்தனை பாராட்டு வந்ததில்லை.

கடிதம் எழுதியவர் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். கணவர் லாரி ஓட்டியவர், இறந்து ஒன்றரை வருடம். பேசினால் திக்கும், பாடினால் திக்காது. வீட்டிலிருந்த நாட்களில் மனைவியின் போனில் நாற்பத்தொரு பாட்டுப் பாடி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்ன பாட்டு, இன்ன காரணத்துக்காகப் பாடுகிறேன் என்று இரண்டு வரி பேசுவார். அந்த இரண்டு வரிக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். இப்போது பத்து நொடியில் முடிந்துவிடுகிறது.

“மன்னிப்புக் கேட்டு எழுதிடவா?” என்றார் தன் மனைவியிடம்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார். “எழுதினா நோட்டீஸ் மாதிரி இருக்கும். நம்பர் போட்டிருக்காங்கல்ல, பேசுங்க.”

“என்னன்னு பேசறது?”

“தெரியாம வெட்டிட்டேன்னு சொல்லுங்க. வேற என்ன இருக்கு?”

பேசினார். “அந்த பாட்டு ஆப் எழுதினவன்தாங்க பேசறேன்.”

“நீங்களா? பெரிய கம்பெனின்னுல்ல நெனச்சேன்.”

“நான் ஒருத்தன்தாங்க்கா. தப்பு என்னோடது. வெட்டறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், பழசை எடுத்து வெச்சிருக்கணும். ரெண்டும் செய்யலை.”

அந்த அம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. “பொத்தானை அமுக்கினது நான்தானே தம்பி. சுத்தம்னா நல்லதுதானேன்னு அமுக்கிட்டேன். இப்ப கேட்டா யாரோ ரேடியோக்காரர் பேசற மாதிரி இருக்கு. அவர் பேச ஆரம்பிச்சா பாதியிலேயே எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க. நான்தான் உக்காந்து கேப்பேன்.”

அப்போதுதான் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சோதனைக்காக, எந்த இடத்தில் எவ்வளவு நீளம் வெட்டியது என்று செயலி ஒரு குறிப்பு எழுதி வைக்கும்படி செய்திருந்தார். அதை நீக்க மறந்தே போயிருந்தார். எதை அமுக்குவது, எங்கே தேடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பையும் பாட்டுகளையும் வரவழைத்தார்.

ஞாயிறு காலையிலிருந்து வெட்டிய இடமெல்லாம் பிளந்து, வெட்டிய அளவுக்கு வெற்று நேரத்தைச் செருகினார். நீளம் வந்துவிட்டது. ஆனால் அங்கே முன்பு இருந்த மூச்சும், மின்விசிறிச் சத்தமும் திரும்ப வரவில்லை. ஒரு பாட்டில் மட்டும், வேறு இடத்திலிருந்து மூச்சையும் விசிறிச் சத்தத்தையும் எடுத்து ஒட்டிப் பார்த்தார். அசலைப் போலவே இருந்தது. அசலைப் போலச் செய்வதுதான் அவர் தொழிலே. இரண்டு முறை கேட்டுவிட்டு அழித்தார். அந்த அம்மாளுக்கு முன்னால் அவர் கணவருக்குப் பொய்மூச்சுக் கட்ட மனம் வரவில்லை.

பொத்தானையும் எடுத்துவிட்டார். ஏன் எடுத்தாய் என்று கேட்டு மாலைக்குள் முப்பது கடிதம் வந்துவிட்டது.

வெயில் இறங்கும் நேரத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். “நீளம் சரியா இருக்கும்க்கா. ஆனா நடுவுல ஒரு சத்தமும் கேக்காது. அது போனது போனதுதான். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

“போடறேன். கட் பண்ணிடாதீங்க தம்பி.”

போனை நடுவில் வைத்துக்கொண்டு அவரும் டீச்சரும் குனிந்து கேட்டார்கள். கனத்த ஆண்குரல் ஒன்று, “இந்தப் பா...” என்று தொடங்கி நின்றது. கிணற்றின் ஆழத்தைப் போல நிசப்தம். இணைப்புத்தான் போய்விட்டதோ என்று அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். “...ட்டு உ...” என்று வந்து மறுபடியும் நின்றது. இந்த முறை இன்னும் நீளம். அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி தரையில் உரசி முன்னே இழுபடும் ஓசை கேட்டது.

“ம்ம், சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள், அவர்களிடம் அல்ல.