நாகேஸ்வரி அக்காவைக் கீழே கூட்டிவரும் முயற்சிகள்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் எனக்காக எழுதவில்லை, உங்களுக்காகவும் எழுதவில்லை. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சண்முகலிங்கம் அண்ணை கேட்டதால் எழுதுகிறேன். மூன்றாவது நிலநடுக்கத்தில் அவருடைய மனைவி நாகேஸ்வரி இறந்துபோனார். கதையிலாவது அவரைச் சாகவிடக்கூடாது என்பதுதான் அண்ணையின் வேண்டுகோள்.

“நீர் எழுதுறனீர்தானே, றொய்சன்,” என்றார். “ஒருக்கா எழுதிப் பாருமன்.”

ஒழுகுகிற குழாயைத் திருத்த வந்தவனிடம் காட்டுவது மாதிரித்தான் கேட்டார். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், அவருடைய வீட்டில் நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மன்டில் வாடகைக்கு இருப்பவன். பகலில் மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். இரண்டும் விற்காமல் என் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில் கிடக்கின்றன. வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் கதை வேண்டும் என்று கேட்டதில்லை. அதனால் யோசிக்காமல் ஓம் சொல்லிவிட்டேன்.

(ரொறன்ரோவில் எப்போது இவ்வளவு பெரிய நிலநடுக்கம் வந்தது என்று கேட்கும் வாசகருக்கு: இந்தக் கதைக்குள் வந்தது. வெளியே வராமல் இருக்கட்டும்.)

2.

தொடக்கம் ஒன்று: ‘ஸ்காபரோவில் அன்று இளவெயில் எறித்துக்கொண்டிருந்தபோது பூமித்தாய்’

இல்லை. பூமித்தாய் வந்து நின்றால் நான் பேனையை வைத்துவிட்டுப் படுக்கப் போவதே நல்லது.

தொடக்கம் இரண்டு: ‘முதலாவது நிலநடுக்கத்தை யாரும் நிலநடுக்கம் என்று நினைக்கவில்லை.’

இது உண்மை, ஆகவே இருக்கட்டும். பக்கத்து வளவில் கொண்டோ மாடிவீடுகள் கட்டக் கிடங்கு வெட்டுகிறார்கள், அந்த மெஷின்தான் என்று நினைத்தோம். பிறகு அலுமாரியில் இருந்த கோப்பைகள் தாமாகவே இறங்கி வரத் தொடங்கின. ஆட்டம் நின்றபோது எங்கள் தெரு முழுவதும் வாசலில் நின்றது. வருடக்கணக்காகக் கையை மட்டும் ஆட்டிவந்த எதிர்வீட்டு மெலிசா, தலையில் துவாயோடும் வெறுங்காலோடும் எங்களுடன் வந்து நின்றாள். அன்று எல்லோருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம் இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தமிழ் வானொலிக்குத் தொலைபேசி எடுத்த ஒருவர் தெய்வக் குற்றம் என்றார். இன்னொருவர் சுரங்க ரயிலுக்கு நிலத்தைத் தோண்டியதன் பலன் என்றார். மூன்றாவதாக எடுத்தவர், இதனால் தன் மகளின் அரங்கேற்றம் தள்ளிப்போகாது என்று திகதி, மண்டபம் எல்லாம் அறிவித்துவிட்டு வைத்தார்.

அந்த வாரம் முடியுமுன் இரண்டாவது வந்தது, முதலாவதைவிடப் பலமாக. அதற்குப் பிறகு யாரும் பகிடி விடவில்லை. கடைகளில் தண்ணீர்ப் போத்தலும் அரிசி மூட்டையும் முடிந்தன. சனங்கள் பிளாசா வாகனத் தரிப்பிடங்களில் காருக்குள் படுத்தார்கள். விட்பியில் சொந்தக்காரர் இருந்தவர்கள் அங்கே ஓடினார்கள். விட்பியும் ஆடியதும் திரும்பி வந்தார்கள். சிறிய அதிர்வுகள் நாளாந்தம் வந்துகொண்டே இருந்தன. கோப்பிக்கடையில் ஆட்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்துவார்கள், ஆட்டம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசியை வைக்க நேரமில்லை. நிலநடுக்கத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வது என் வேலை. சொன்ன பிறகும் அவர்கள் வைக்கமாட்டார்கள். தாங்கள் எங்கே நின்றார்கள் என்று சொல்லத் தொடங்குவார்கள். ஒரு பெண் குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றாராம். பிறம்ரனில் ட்ரக் ஓடுகிற ஒருவர், டயர் வெடித்ததாக்கும் என்று இறங்கிப் பார்த்தாராம், தெருவிளக்குகள் எல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றனவாம். ஊரே ஒருவரையொருவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தது: “அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

3.

இனி வீட்டுக்குள் போகவேண்டும். இங்கேதான் எனக்குத் தயக்கம்.

காரணம் அருள்நாயகம். அவர் நடத்துகிற சிற்றிதழுக்குத்தான் இதைக் கொடுப்பதாக இருக்கிறேன். விசயத்தைச் சொன்னவுடனேயே, “திரும்பவும் பங்கர் கதையோ, றொய்சன்?” என்றார். “நிலநடுக்கத்தையாவது நிலநடுக்கமா விடும் ஐசே.” சத்தியமாக விடுகிறேன் என்றேன். பதுங்குகுழியைக் குறிக்கிற அந்தப் பங்கர் என்ற சொல்லே வராமல் எழுதுவதாக வாக்கும் கொடுத்தேன்.*

ஆனால் முதல் ஆட்டத்தில் சண்முகலிங்கம் அண்ணை செய்ததை நான் கண்ணால் கண்டேன். கடவுச்சீட்டுகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு பேஸ்மன்டுக்கு ஓடிவந்தார். என் சுவரோடு ஒட்டிக் குந்தினார். விரல்களால் காதை அடைத்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தார். போரில் செல் குண்டு விழும்போது காதுச்சவ்வு கிழியாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். நிலநடுக்கத்துக்கு வாயைத் திறக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருநாள் செல்லடி ஓய்ந்துவிட்டதென்று நம்பி, தேத்தண்ணி வைக்கப் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏறிய அவருடைய தம்பி திரும்பி வரவில்லை. மேலே போகிறவர் செத்துப்போவார் என்பது அன்றிலிருந்து அவருக்குத் தெரிந்த விசயம்.

நாகேஸ்வரி அக்கா மட்டக்களப்புப் பக்கம், கல்லடி. நிலம் ஆடியதும் அவர் மேல்மாடிக்கு ஓடினார், பின்பக்கத்துப் படுக்கையறை வரைக்கும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஏறித்தான் அவர் தப்பினார். கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே நின்ற அவருடைய மூத்த சகோதரி தப்பவில்லை. எங்கோ நிலம் நடுங்கித்தான் அந்தக் கடல் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டார். ஆகவே, கீழே நிற்கிறவர் செத்துப்போவார் என்பது அவருக்குத் தெரிந்த விசயம்.

இரண்டு பேரும் நாற்பது கடந்த பிறகு, புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பொன்றில் சந்தித்துக் கலியாணம் கட்டியவர்கள். பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு மற்றவர்தான் எல்லாம்.

ஆடும்போது எங்கேயும் ஓடவேண்டாம், நின்ற இடத்தில் மேசைக்குக் கீழே புகுந்துகொள்ளுங்கள் என்று நகராட்சி சொன்னதை நான் இருவருக்கும் சொன்னேன். “ஓம் தம்பி, அது நல்லது,” என்றார்கள், வேறு யாருக்கோ சொன்ன புத்தியைப் போல. இரண்டாவது ஆட்டத்திலும் அவர் கீழே வந்தார், அவர் மேலே போனார்.

(இரண்டு ‘அவர்’ வந்துவிட்டது. யார் எங்கே போனார்கள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.)

அன்று அண்ணை குசினி வாசலில் நின்று கேட்டார்: “ஸ்காபரோவில என்ன கடலப்பா? ஏரிதானே கிடக்கு.”

“தண்ணி தண்ணிதான்,” என்றார் அக்கா, உடைந்த கோப்பைகளைக் கூட்டிக்கொண்டே. “இஞ்ச எவன் உங்களுக்குக் குண்டு போடுறான்? நீங்க போய்க் கீழ குந்துங்க.”

அண்ணை சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். இந்தக் கதையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிக்கிற இடம் இது ஒன்றுதான். அக்கா கூட்டி முடிக்கும்வரை இந்தப் பகுதியை நீட்டலாமா என்று பார்த்தேன். ஆனால் உடைந்தது நாலைந்து கோப்பைதான், அவர் சீக்கிரமே கூட்டிவிட்டார்.

*வாக்கு மீறப்பட்டது. அருள்நாயகம் வெட்ட விரும்பினால் வெட்டலாம். வெட்டினால் சண்முகலிங்கம் அண்ணை ஏன் வாயைத் திறந்துகொண்டு குந்தியிருந்தார் என்று வாசகருக்கு அவரே விளக்கட்டும்.

4.

மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது. நான் பேஸ்மன்டில் என் மேசைக்குக் கீழே கிடந்தேன். அண்ணை பேஸ்மன்ட் படியில் பாதிவரை இறங்கி, கைபிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

“கீழ வாரும், நாகேஸ். கீழ வாரும்.”

மேல்மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “மேல வாங்க. இஞ்ச மேல வாங்க.”

இரண்டையும் நான் கேட்டேன். ஒருவர் குரலில் மற்றவர் மேல் கோபம் இருந்தது, பயத்தில் வருகிற கோபம். பிறகு, யாரும் நெருப்பு மூட்டாத பழைய செங்கல் சிம்னி கூரையை உடைத்துக்கொண்டு பின்பக்கத்துப் படுக்கையறைக்குள் விழுந்தது.

இதை விவரித்து நிறைய எழுதினேன். எடுத்துவிட்டேன்.

இறுதிச்சடங்குக்கு மலர்ச்சாலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டதையே கேட்டார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “நீங்கள் எங்க நிண்டனீங்கள், அண்ணை?” முதலில் கேட்டவர்களுக்கு, “பேஸ்மன்டில,” என்று உள்ளதைச் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் கால் சப்பாத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த அயல்வீட்டுப் பேபி அன்ரியிடம், “படியில. மேல போய்க்கொண்டிருந்தனான்,” என்றார். பக்கத்தில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். தகனத்துக்குப் பெட்டியை எடுக்கும் நேரத்தில், அவருடைய கதையில் அவர் மேல்மாடிப் படியை எட்டியிருந்தார்.

அடுத்த நாள்தான் என்னிடம் வந்து, “நீர் எழுதுறனீர்தானே,” என்றார்.

5.

முதல் முயற்சி. இதில் நாகேஸ்வரி அக்கா கீழே வருகிறார். புருசன் கூப்பிட்ட குரலில் மனம் இளகி, ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். அண்ணை என் கட்டிலில் இருந்து முழுவதையும் கேட்டார்.

“அவ வரமாட்டா, தம்பி. நீர் வேற ஆரையோ எழுதி வைச்சிருக்கிறீர்.”

இரண்டாம் முயற்சி. இருவரும் நடுவிலே சந்திக்கிறார்கள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே கட்டிப்பிடித்தபடி கிடக்கிறார்கள், நகராட்சி சொன்னபடி.

“அது கண்ணாடி மேசையெல்லோ,” என்றார். “அவதான் சேலில மலிவா வாங்கினவ. நான் வேண்டாமெண்டனான்.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் முகம் மலர்ந்தது, அதனால் அந்த முயற்சி முழுவதும் வீண் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் முயற்சி. இதில் அண்ணை மேலே போகிறார். நான் அவரைப் படியில் நிறுத்தி வைத்தேன்.

“பிறகு?”

“படியில நிண்டபடியா உங்களுக்கு ஒண்டுமில்லை, அண்ணை.”

“அவவுக்கு?”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அறைவரைக்கும் கொண்டுபோம்,” என்றார்.

“கொண்டுபோனா நீங்களும்...”

“கதைதானே, எழுதும்.”

அக்காவைக் காப்பாற்றக் கேட்கிறார் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். அக்காவைக் கீழே இறக்க முடியாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்டது அக்காவோடு தன்னையும் சேர்த்து வைக்கும்படி.

அவருக்கு முன்னாலேயே எழுதத் தொடங்கினேன். ‘சண்முகலிங்கம் கடைசிப் படியில் கால் வைத்து, பின்பக்கத்து அறைக் கதவைத்’

அந்த வசனம் அப்படியே நிற்கிறது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

6.

மேல்மாடிக்குப் போகக்கூடாது என்று நகராட்சிக்காரர் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். சுவரில் வெடிப்பு இருக்கிறது, இன்னொரு பலமான அதிர்வு வந்தால் மிச்சக் கூரையும் இறங்கலாம். கூரை ஓட்டையை நீலத் தறப்பாளால் மூடியிருக்கிறது. அண்ணை கீழ்மாடியில் சோபாவில் படுக்கிறார்.

ஆனால் நிலம் ஆடும்போது இப்போது அவர் என்னிடம் ஓடி வருவதில்லை. எழும்பி, அவசரமில்லாமல், மேலே போகிறார். தலைக்கு மேலே அவருடைய காலடி எனக்குக் கேட்கும். நான் படியடிக்கு ஓடிப்போய்க் கத்துவேன்.

“அண்ணை, கீழ வாங்கோ.”

“நீர் மேல வாரும்,” என்பார், நிதானமாக.

ஒருநாள் பின்னேரம் நான் போனேன். செங்கல் தூசி படிந்த கட்டிலில் அவர் இருந்தார். காதைப் பொத்தவில்லை. வாய் மூடியிருந்தது. தறப்பாள் மேலே காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் நின்றதும் என்னிடம் கேட்டார்:

“கதையில என்னை எங்க கொண்டுவந்து விட்டிருக்கிறீர்?”

“கதவடியில, அண்ணை.”

“உள்ளுக்கு விடுமன்.”

“இண்டைக்கு ஏலாது. நாளைக்கு எழுதுறன்.”

கொஞ்சம் யோசித்தார். “சரி, எழுதினவரைக்கும் வாசியும், கேப்பம்,” என்று எழும்பி, எனக்குப் பின்னால் படியிறங்கி வந்தார்.

7.

அருள்நாயகம் தொலைபேசி எடுத்திருந்தார். இதழ் அச்சுக்குப் போகிறதாம், முடிவு இல்லாமல் கதையை எப்படிப் போடுவது என்று கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. முடிவு தெரியாத எழுத்தாளனைப் பற்றி நானே முன்பு நக்கலாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் நிலைமை இதுதான். நான் வேலை முடிந்து வந்ததும் சண்முகலிங்கம் அண்ணை தேத்தண்ணியோடு இறங்கி வருகிறார். என் கட்டிலில், விற்காத புத்தகங்களுக்கு மேலே, இருக்கிறார். நான் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறேன். ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே பிழையாக எழுதி வைத்திருப்பேன். அக்காவை யாழ்ப்பாணத்தார் மாதிரி ‘வாங்கோ’ என்று கூப்பிட வைப்பேன். அவ அப்பிடிக் கதைக்கமாட்டா என்று திருத்துவார், பிறகு அவ எப்படிக் கதைப்பா என்று ஒரு மணித்தியாலம் சொல்லுவார். நேற்று வாசிக்கும்போது நிலம் இரண்டு தடவை ஆடியது. முதல் தடவை எழும்பினார். “அண்ணை, இந்த இடம் சரியோ எண்டு பாருங்கோ,” என்றேன். இருந்தார். இரண்டாம் தடவை கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொல்லி, ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, “ம், வாசியும்,” என்றார்.

ஆகவே இதை முடிக்கப்போவதில்லை. அந்தக் கதவை நான் திறக்கப்போவதுமில்லை. உங்களிடம் ஒரு முடிவு இருக்கும், வாசகர்களிடம் எப்போதும் இருக்கும். அது என்னுடையதைவிட நல்லதாகவும் இருக்கலாம், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மரக்கறிக் கடையிலோ கோயிலிலோ சண்முகலிங்கம் அண்ணையைக் கண்டால் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்டால், றொய்சன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான், பின்னேரம் வாசித்துக் காட்டுவான் என்று சொல்லுங்கள்.