மூன்றாவது துண்டு

கண்ணாடி பாட்டில் ஆலையின் கேன்டீனில் ஊறவைக்கும் ரொட்டித் துண்டுகளில், மறுநாள் காலை எத்தனை பேர் சாப்பிட வருவார்களோ அத்தனை மட்டுமே ஊறும். மற்றவற்றின் மேல் முட்டையும் பாலும் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். சமையல்காரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாலில்தான் ஏதோ கோளாறு என்று பால்காரரிடம் சண்டை போட்டாள். இரண்டாம் வாரம் எண்ணிப் பார்த்தாள். அதன்பிறகு சண்டை இல்லை.

இருநூற்று நாற்பது பேருக்குக் காலையில் எழுந்து டோஸ்ட் போட்டு மாளாது என்பதால், முந்தின நாள் மூன்று மணிக்கே தொடங்கிவிடுவாள். ஒரு நாள் பழசான ரொட்டியைக் கட்டைவிரல் கனத்துக்கு வெட்டி, தட்டுகளில் நெருக்கி அடுக்கி, பட்டைத்தூள் கலந்த முட்டைப்பாலை ஊற்றிக் குளிர் அறையில் வைப்பாள். ஆளுக்கு ஒரு துண்டு. ஐந்து மணிக்கு ஊறாதவற்றை எடுத்துக் காயவைத்துத் தூளாக்கிவிடுவாள். ஊறியவை காலை ஆறு மணிக்கு அடுப்புக்குள் போகும். உலையில் வேலை பார்த்த அவள் கணவனை எல்லோரும் அண்ணன் என்றார்கள். ஆகவே அவள் ஆலைக்கே அண்ணி. நாளைக்கு மட்டம் போடப்போவது யார் என்று மேற்பார்வையாளர் வந்து கேட்பார். எண்ணிக்கைதான் தெரியும், ஆள் தெரியாது என்பாள். ஒருமுறை கைத்தவறுதலாகக் கூடுதலாக வைத்த ஒரு துண்டும் ஊறியது. வேலையை விட்டுப்போன யாரோ திரும்பி வருகிறான் என்று எல்லோரும் வாசலைப் பார்த்திருந்தார்கள். வந்தது சுகாதார ஆய்வாளர். கையுறை எங்கே, தொப்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

பிறகு பிளாஸ்டிக் பாட்டில்கள் வந்தன. ஆறு ஆண்டுகளில் இருநூற்று நாற்பது நூற்றுப் பத்தாகி, நாற்பதாகி, அவளையும் சேர்த்துப் பத்தொன்பதானது. போனவர்கள் தூரத்து நகரத்திலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தார்கள். அவன் வாசலுக்குப் போய்ப் பேசினான். எங்கிருந்தாலும் இரண்டு பேரும் ஒன்றாக என்று கல்யாணமான புதிதில் சொன்னவன், இப்போது அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசி உலையை அணைத்த அன்று மதியம், நீங்களும் போகப்போறீங்களா என்று அவளே கேட்டாள்.

"ஊறவச்சுப் பாரேன். நான் இருக்கேனா இல்லையான்னு அதுவே சொல்லிடும்" என்றான்.

"அது சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அன்றும் பத்தொன்பது துண்டுகள் ஊறவைத்தாள். ஐந்து மணிக்கு இரண்டு ஊறியிருந்தன. மற்றவற்றைப் புரட்டிப் போட்டாள், முள்கரண்டியால் குத்தினாள், பாலைச் சூடாக்கி ஊற்றினாள், எதுவும் பலிக்கவில்லை. ஆனால் இரண்டு ஊறியிருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று யாருடையது என்று அவள் யோசிக்கவே இல்லை. இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், அவனிடம் ஒன்றும் சொல்லாமல் அவன் சட்டையை இஸ்திரி போட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

விடிந்தபோது படுக்கையில் அவன் இல்லை. முந்திக்கொண்டு கேன்டீனுக்குப் போயிருப்பான் என்று நினைத்தாள். பையையும் இஸ்திரி போட்ட சட்டையையும் காணவில்லை என்பதைப் பார்த்தும் அப்படியே நினைத்தாள். முதல் பஸ் பதினெட்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

கேன்டீனில் இரண்டு துண்டுகளையும் சுட்டாள். ஆறரைக்குக் காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பாமலே ஒரு துண்டின் மேல் அவனுக்குப் பிடித்தபடி சர்க்கரையை அதிகமாகத் தூவினாள்.

"உட்காருங்க, ஆறிடும்."

"வணக்கம்மா" என்றது வேறு குரல். ஆலைக்கு முத்திரை வைக்க வந்தவர், கையில் அரக்கும் பூட்டுமாக நின்றார். "எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"நீங்க போகலையா?"

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. இது உங்களோடதுதான்."

சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். காவலுக்கும் அவரே தங்க வேண்டியிருந்ததால், மற்ற கதவுகளுக்கெல்லாம் முத்திரை வைத்துவிட்டுக் கேன்டீன் கதவை மட்டும் விட்டுவைத்தார். இது நடந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் மூன்று மணிக்கு அவள் மூன்று துண்டுகள் ஊறவைக்கிறாள். ஐந்து மணிக்கு இரண்டு ஊறியிருக்கின்றன. மூன்றாவதைக் காயவைத்துத் தூளாக்குகிறாள்.