வால்வுப் பக்கம் நின்ற தம்பி

காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர்களைச் சோதிக்கும் கூடத்தில் அக்காவுக்குத் திரை முன்னால் வேலை. உள்ளே சுழலும் பிளேடுகள் எவ்வளவு நடுங்குகின்றன என்பதை அதில் ஓடும் பச்சைக் கோடு காட்டும்; நடுக்கம் கூடினால் கோடு பருக்கும். தடித்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தம்பிக்கு வேலை. குழாய்களில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் எல்லாருக்கும் அவன் பல்லி.

அன்று வால்வைத் திருப்பும் மோட்டார் மக்கர் செய்தது. சோதனையைத் தள்ளிப்போட இன்ஜினியருக்கு மனம் வரவில்லை. கையாலேயே திருப்பிவிடுகிறேன் என்று தம்பிதான் முந்திக்கொண்டான். தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று இன்றைக்காவது தெரியட்டும் என்று அக்கா கிண்டலடித்து அனுப்பினாள்.

வால்வை மூடி, வெளியேறும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிளேடுகள் எதுவரை தாங்கும் என்று பார்க்க வேண்டும். காற்று தாராளமாக ஓடும்வரை பிளேடின் நடுக்கத்தை அதுவே அமுக்கிவிடும். ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அதே காற்று, ஊஞ்சலைத் தள்ளுவதுபோல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தள்ளு கொடுக்கும்.

கோடு பருக்கத் தொடங்கியது. போதும், கொஞ்சம் திற என்று அக்கா மைக்கில் சொன்னாள். தம்பி சக்கரத்தைத் திருப்பினான். கோடு இன்னும் பருத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் மாறியதில் மிரண்டுபோய், பீறிடும் தண்ணீர்க் குழாயை அடைப்பதுபோல அவன் வால்வை மூடிக்கொண்டிருந்தான்.

இன்ஜினியர் சிவப்புப் பொத்தானை அடித்தார். கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரம் நின்றது. ஆனால் அத்தனை கனம் சுற்றி ஓய நேரமாகும். அதுவரை பிளேடு தாங்க வேண்டும்.

"அவனை ஓடி வரச் சொல்லும்மா" என்றார்.

கதவுக்கு வர அவன் கம்ப்ரஸரின் பக்கவாட்டைத் தாண்டியாக வேண்டும். பிளேடு தெறித்தால் உறையைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கம்தான் வரும். அங்கேயே நிற்கச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால், நிற்கச் சொன்னவள் அவள்தான். அம்மாவின் முகம் வந்து போனது. மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"பல்லி, ஓடாத. அங்கயே நின்னு திற."

"அக்கா, தரையே ஆடுதுக்கா."

"தெரியுதுடா. அதைப் பாக்காத, என்னைப் பாரு. இடப்பக்கமா திருப்பு."

அவன் கண்ணை எடுக்காமல் திருப்பினான். கோடு அசைந்து கொடுக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாள். இன்னும், இன்னும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று காற்று உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கோடு மெலிந்தது. மெலிந்து நூலானது.

எல்லாம் ஓய்ந்தபின் இன்ஜினியர் கம்ப்ரஸருக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு பிளேடின் அடியில் பாதிவரை விரிசல்.

தம்பி கண்ணாடிக்கு இப்பால் அக்காவிடம் வந்து நின்றான். அக்காவின் கை மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. விட நினைத்தாள், முடியவில்லை. அவன்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.